தண்ணி வண்டிக்கு ஹெட் இறக்கிய கதை

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் எந்த வியாதிக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். இஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டைக் கழற்றி இறக்க வேண்டும். லாரி புகை கக்கினாலும் அதுதான், கார் மேடேற மறுத்தாலும் அதுதான். கல்யாணமான புதிதில் எனக்குச் சளி பிடித்து இருமிக்கொண்டு கிடந்தேன். கட்டில் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கலை மாதிரி இருக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவள் நான். எனக்குக் கோபம் அதிகம் என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும்.

வீடு என்று பெயர்தான். திரேஸ்புரம் போகிற வழியில், முன்பக்கம் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப்பு. அதைத் தாண்டினால் ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. ஒர்க்‌ஷாப்பு ஒர்க்‌ஷாப்போடு நிற்காது, நகர்ந்து நகர்ந்து உள்ளே வரும். நான் அரிசி களைகிற அலுமினியச் சட்டியில் வால்வுகள் ஊறிக்கொண்டிருக்கும். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் பிஸ்டன் உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய் வாசனை இல்லாமல் ஒரு மீன்குழம்பு அந்த வீட்டில் நான் வைத்ததில்லை. எழுபதுகளில் புதுத் துறைமுகத்தை வைத்து ஊருக்குள் லாரிகள் பெருகிக்கொண்டே இருந்தன, அவருக்கு ஹெட் இறக்க ஆள் தட்டுப்பாடே இல்லை.

இந்த வீட்டுக்குத்தான் என் தம்பி "நாலு நாள் இருந்துட்டுப் போறேங்க்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தான். வந்தவன் போகவில்லை. அவனோடு ஒரு வண்டியும் வந்தது. ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வேன். பின்பக்கம் கூரை இல்லாமல் வெறும் பலகைத் தொட்டி. அதில் திரேஸ்புரம் ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டிகளை ஏற்றி, உமியைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடி, தினமும் காலையில் வேம்பாருக்குக் கொண்டு போவான். அங்கே மீன் வியாபாரிகள் ஐஸுக்காகக் காத்திருப்பார்கள். அவர்களிடம் இவன் வாங்காத வசவு இல்லை. ஏனென்றால் வண்டி போகிற வேகத்துக்கு, ஏற்றிய ஐஸில் பாதி வழியிலேயே ஒழுகிப் போய்விடும். கோடைகாலத்தில் தெருநாய்கள் எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த வண்டிக்குப் பின்னால் சொட்டுத் தண்ணீரை நக்கிக்கொண்டே போகும். நடந்து போகிற நாய்க்கு எட்டுகிற வேகத்தில்தான் அந்த வண்டி போயிற்று என்பதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஊரில் அதற்குத் தண்ணி வண்டி என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தவர் வேம்பார் பஸ்ஸின் டிரைவர் அண்ணாச்சி. அவருடைய காலை பஸ்ஸும் தம்பியின் வண்டியும் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். தருவைக்குளம் வருவதற்குள் பஸ் முந்திவிடும். முந்தும்போது அண்ணாச்சி ரப்பர் பந்தை அமுக்கி ஹாரன் அடிப்பார் பாருங்கள், பாம் பாம் என்று, அது ஹாரன் இல்லை, ஏளனம். "ஏலே, ஐஸ் கொண்டு போறியா, தண்ணி கொண்டு போறியா? சொல்லிட்டா நாங்களும் குடத்தோட நிப்போம்லா!" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

ஒரு ஆள் மட்டும் சிரிக்கமாட்டாள் என்று தம்பி சொன்னான். அண்ணாச்சியின் ஒரே மகள். தாய் இல்லாமல் அப்பாவே வளர்த்த பெண். வேம்பார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் அப்பாவின் பஸ்ஸில்தான் போவாள். முன் வரிசையில், வெயில் படாத இடப்பக்க ஓரமாகப் பார்த்து அண்ணாச்சி அவளை உட்கார வைப்பார். அந்த இடத்தில் வேறு எவளாவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்.

"அக்கா, அவ தினமும் பாக்கா."

"எதைலே பாக்கா?"

"என்னைத்தாங்க்கா."

"உன்னையா? போலே கோட்டிப் பயலே. ஒழுகுத தண்ணியைப் பாத்திருப்பா."

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது அந்த டீச்சரே என்னிடம் வந்தாள். கையில் ஒரு கறுப்புக் குடை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. வடக்க போகையில காலை வெயில் வலப்பக்கந்தான் அடிக்கும். அந்தப் பக்கம் சாக்கை ரெண்டா மடிச்சுப் போடச் சொல்லுங்க. அவிய ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுதாவ" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஒருத்தனுடைய சாக்கு எந்தப் பக்கம் எவ்வளவு மடிப்பு என்று தினமும் எண்ணிக்கொண்டு போகிற பெண்ணுக்கு அவன்மேல் என்ன இருக்கும்? எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

சரி, பெண் கேட்டுவிடலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் டிரைவர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மனிதர் மரியாதையாகத்தான் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, உம் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா காலையில ஏத்துன சரக்கு மத்தியானம் இல்லாமப் போற தொழில் அவனுக்கு. அவனை நம்பி எம் பிள்ளையை எப்படித் தருவேன்? நான் தினமும் பாக்கேன்லா, கண்ணு முன்னாலயே கரையுதான்."

அத்தோடு விட்டிருந்தால் நானும் எழுந்து வந்திருப்பேன். என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. தம்பியைச் சொன்னதற்காக இல்லை, இஞ்சினைச் சொன்னதற்காக. "அண்ணாச்சி, அந்த வண்டி உம்ம பஸ்ஸை முந்திக் காட்டுனா?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "மாதா மேல சத்தியம். வேம்பார் கெபியில நான் மெழுகுதிரி ஏத்திட்டுத் திரும்ப பஸ்ஸுல ஏறுததுக்குள்ள அந்தத் தண்ணி வண்டி என்னைத் தாண்டி ஊருக்குள்ள போயிட்டுன்னா, பொண்ணு அவனுக்குத்தான். அதுவரைக்கும் இந்தப் பேச்சை என் வீட்டுல யாரும் எடுக்கப்படாது."

அந்தக் கெபி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேம்பாருக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டோரம் ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில். அண்ணாச்சி தினமும் அங்கே பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போவார். நிறுத்துவது என்றால் ஓரமாக இல்லை, ரோட்டுக்கு நட்ட நடுவில். பின்னால் மாட்டு வண்டியோ லாரியோ எது வந்தாலும் அவர் கும்பிட்டு முடிக்கிறவரை நிற்க வேண்டியதுதான். ஹாரன் அடித்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். ஆகவே கெபிக்கு வருவதற்கு முன்பே அவரை முந்தினால்தான் உண்டு. உள்ளே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் டீச்சர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குடையின் நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் எதற்குக் குடையை வைத்துக்கொண்டு நின்றாளோ, அதுவும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏளா, ஹெட்டை இறக்குதேன்" என்றார்.

"வேற என்னத்தை இறக்கப் போறிய, வானத்தையா?" என்றேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. எனக்கு அவர் விளக்கியது இதுதான். இஞ்சினும் நம்மைப்போலத்தான் மூச்சு விட்டு வாழ்கிறது. காற்றையும் பெட்ரோலையும் நிறைய இழுக்க வேண்டும், இழுத்ததை நன்றாக நெருக்க வேண்டும், எரிந்ததை மிச்சமில்லாமல் வெளியே விட வேண்டும். இழுப்பதற்கு ஹெட்டில் உள்ள துவாரங்களை அரத்தால் ராவி அகலப்படுத்தி, வேறொரு இஞ்சினின் பெரிய வால்வுகளைப் போடப் போகிறார். நெருக்குவதற்கு ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி மெலிசாக்கப் போகிறார். ஹெட் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவுக்கு உள்ளே இடம் குறையும், இடம் குறைந்தால் நெருக்கம் கூடும், நெருக்கம் கூடினால் வண்டி பறக்கும்.

"பிரேக்கு?" என்று கேட்டேன். தம்பி வண்டியின் பிரேக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். போன மாதந்தான் எங்கள் வாசல் முருங்கை மரத்தில் முட்டி நின்றது.

"நான் போறதுக்கு வழி பண்ணிக்கிட்டு இருக்கேன், இவ நிக்கதைப் பத்திப் பேசுதா பாரு" என்றார்.

ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினார். அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்று கையால் வேறு தேய்க்க வேண்டுமாம். தேய்ப்பதற்குத் துல்லியமான சமதளம் வேண்டுமாம். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் அப்பா சீதனமாகக் கொடுத்த பீரோவின் நிலைக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மாமனும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் ஓடிவிட்டது. "இந்த ஊர்லயே சமமான பொருள் உன் கண்ணாடி ஒண்ணுதாளா இருக்கு" என்றார், ஏதோ என்னைப் புகழ்கிற மாதிரி. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் குடத்துத் தண்ணீரில் பார்த்துத்தான் பொட்டு வைத்தேன்.

வால்வு தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வால்வு, தான் உட்காருகிற இடத்தில் காற்றுப் போகாமல் பொருந்தி உட்கார வேண்டும். அதற்கு ஒரு சாம்பல் நிறப் பசையைத் தடவி, நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த ஒரு குச்சியை வால்வின் தலையில் ஒட்ட வைத்து, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்ட வேண்டும். மத்தால் மோர் கடைவதேதான். அவர் தேய்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், தம்பி தேய்த்தால் குச்சி பிய்ந்துவிடும். நான் ஒரு நாள் எரிச்சலில் பிடுங்கி உருட்டிக் காட்டினேன். வால்வைத் துடைத்துப் பார்த்தார். ஒரு மோதிரம் வைத்த மாதிரி சீரான வளையம் விழுந்திருந்தது. அவ்வளவுதான், எட்டு வால்வும் என் மடியில். "என்ன மைனி, மோரா கடையுதிய?" என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஆமா, வெண்ணெய் திரளுது, கிண்ணத்தை எடுத்துட்டு வா" என்றேன். கறுப்புக் கையைக் காட்டியதும் ஓடிவிட்டாள்.

இனிதான் முக்கியமான கட்டம். ஹெட்டைச் சீவியதால் வால்வுகள் கீழே இறங்கியிருக்கும். பெரிய வால்வு வேறு. திறக்கும்போது அது கீழேயிருந்து மேலே வருகிற பிஸ்டனில் முட்டிவிட்டால் கதை முடிந்தது. முட்டுமா முட்டாதா என்று எப்படித் தெரியும்? பிஸ்டன் தலையில் பிசைந்த மாவை அப்பி, ஹெட்டை மூடி முறுக்கி, இஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி திறந்து பார்ப்பார்கள். வால்வு அமுக்கிய இடத்தில் மாவு எவ்வளவு கனத்துக்கு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி.

"ஏளா, கொஞ்சம் மாவு பிசைஞ்சு குடு" என்றார். வீட்டில் கோதுமை மாவு ஒரு பிடி இல்லை. ரேஷனில் போட்டால்தானே? எதிர்த்த பேக்கரி அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். பிசைந்து வைத்திருந்ததில் ஒரு உருண்டை பிய்த்துக் கொடுத்தார். கொண்டு வந்து கொடுத்தேன். இவரும் அப்பி, மூடி, சுற்றி, திறந்தார். திறந்த கையோடு அளந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அன்றைக்கு அடுப்பில் விளமீன் குழம்பு. வாசம் மூக்கைத் துளைத்தது போலிருக்கிறது, மாவை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்ட பிறகு கண்ணை அசத்தியிருக்கிறது. தகரக் கொட்டகை, உச்சி வெயில், புளிக்க வைத்த பன் மாவு. கேட்க வேண்டுமா? இவர் தூங்கத் தூங்க அது பொங்கியிருக்கிறது. எழுந்து போய் பிளேடால் வெட்டி அளந்துவிட்டு அவர் போட்ட ஆனந்தக் கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏளா! இங்கன வந்து பாரு! எவ்வளவு இடம் சும்மா கிடக்கு! இன்னும் சீவலாம்!"

இன்னும் சீவினார். "எப்படிப்பட்ட மாவுன்னு நீ சொல்லியிருக்கணும்" என்று பிற்காலத்தில் என்மேல் பழியைப் போடப் பார்த்தார். மாவு கேட்டார், மாவு கொடுத்தேன். பன்னுக்கா பரோட்டாவுக்கா என்று அவர் கேட்டாரா? இந்த வழக்கில் நான் இன்றைக்கும் விட்டுக் கொடுக்கத் தயாரில்லை.

ஹெட்டை ஏற்றி முறுக்கி, சாவியைத் திருப்பினதும் தெருவே அதிர்ந்தது. கொட்டகைத் தகரம் கடகடவென்று ஆடியது. தம்பி அழுதே விட்டான். அந்த வண்டிக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று யார் நினைத்தது? ஒரே ஒரு கோளாறுதான். நெருக்கம் கூடிப்போன சூட்டில், சாவியைப் பிடுங்கினாலும் இஞ்சின் நிற்கமாட்டேன் என்றது. நெருப்பே வேண்டாம், தானாகவே பெட்ரோலை எரித்துக்கொண்டு, டொக்... டொக்... என்று கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, ஒரு பெரிய தும்மல் தும்மிவிட்டுத்தான் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெருமையாக அதில் போய்க் கோயில் வாசலில் இறங்கினோம். நான் சாப்பாட்டுக் கூடையைப் போல முன் சீட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனேன். உள்ளே பங்குச் சாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். "ஆகவே அன்பானவர்களே" என்றார். வெளியே டொக் என்றது. நிறுத்தினார். அதுவும் நின்றது. "ஆகவே..." என்றார். டொக். சாமி கண்ணாடிக்கு மேலே வாசலைப் பார்த்தார், நாங்கள் கூரையைப் பார்த்தோம். கடைசியில் அது தும்மின தும்மலில் புறா எல்லாம் பறந்து, பிரசங்கமும் அத்தோடு முடிந்தது. இனி செத்தாலும் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன்.

அதனால்தான் முந்துவதற்கென்று குறித்த நாளில் நான் பஸ்ஸில் இருந்தேன். வேம்பாரில் சொந்தக்காரப் பிள்ளைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை. என் வீட்டுக்காரர் தம்பியோடு ஐஸ் வண்டியில். டீச்சர் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அண்ணாச்சி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் இஞ்சினை நம்பாம நம்ம பஸ்ஸுல ஏறிட்டே?"

"நான் புதுநன்மைக்குப் போறேன் அண்ணாச்சி. மோட்சத்துக்குப் போகலை."

பஸ் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பந்தயம் போனால் அவளுக்கு என்னவெல்லாம் போகும் என்று அந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பி என் வீட்டைக் காலி பண்ணட்டும் என்று வாயால் திட்டினாலும், இது தட்டிப் போனால் அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

தருவைக்குளம் வந்தது, வழக்கம்போல அண்ணாச்சி பாம் பாம் என்று முந்தினார். முந்தி முடித்துக் கையை எடுக்கவில்லை, பின்னாலேயிருந்து ஒரு உறுமல். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தண்ணி வண்டி வருகிறது! ஓடுகிற மாதிரி இல்லை, யாரோ வீசியெறிந்த மாதிரி வருகிறது. உமி பறக்கிறது, சாக்கு பறக்கிறது, என் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருகிறார். பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து, அப்படியே தாண்டி, புழுதியை எங்கள்மேல் கொட்டிவிட்டுப் போயே போய்விட்டது. "போடு சவத்தை!" என்று நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். பஸ்ஸில் பாதி ஆட்கள் கை தட்டினார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி குலவையே போட்டாள். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். எட்டவில்லை.

எல்லாம் வைப்பாறு பாலம் தாண்டுகிறவரைதான். தாண்டினதும் தூரத்தில் ரோட்டோரம் புகை தெரிந்தது. கிட்டே போனால் தண்ணி வண்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரர் எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார். தம்பி வண்டியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை, பறந்துபோன சாக்குக்குப் பதிலாகத் தன் சட்டையைக் கழற்றி ஐஸ் மேல் போட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி நிறுத்தினார். "என்ன ஆச்சு ஓய்?"

"வால்வு பிஸ்டன்ல முட்டி வளைஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார் இவர். "எப்படி முட்டும்? அவ்வளவு இடம் இருந்துதே! என் கண்ணால அளந்தேனே!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. "தண்ணி வண்டி என்னைக்கும் தண்ணி வண்டிதான்" என்று அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்போது டீச்சர் எழுந்தாள். இறங்கினாள். நேரே போய் டயரில் கால் வைத்து ஏறி, ஐஸ் தொட்டியின் விளிம்பில் வெயில் அடிக்கிற பக்கமாக உட்கார்ந்து, குடையை விரித்து ஐஸுக்குப் பிடித்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஏளா, இறங்கு" என்றார் அண்ணாச்சி. "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது."

"நேரமாவுதுன்னா இந்த வண்டியையும் சேத்து இழுங்கப்பா" என்றாள்.

என்ன செய்வார் மனிதர்? மகளை ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா? பஸ்ஸில் ஒரு படகுக்காரர் வேம்பாருக்குப் புதுக் கயிறு கொண்டு போய்க்கொண்டிருந்தார். தருகிறேன், ஆனால் வெட்டக் கூடாது, என்றார். கண்டக்டர் அதை மடித்துக் கட்டப் போனான். "நீளமாவே கிடக்கட்டும்லே. அது பிரேக்கு இல்லாத வண்டி, பஸ்ஸுல வந்து முட்டிரும்" என்றார் அண்ணாச்சி. அப்படியே கட்டினார்கள். பஸ் கிளம்பி ரொம்ப நேரம் கழித்துத்தான் வண்டி அசைந்தது, கயிறு அவ்வளவு நீளம்.

வேம்பார்வரை அண்ணாச்சிக்கு ஒரே வேலைதான். பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார், மறுபடி கண்ணாடியைப் பார்ப்பார். கயிறு அறுந்துவிடுமோ என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கெபி வந்தது. அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் இறக்கம். என்றைக்கும் நடு ரோட்டில் நிறுத்துகிறவர், அன்றைக்கு ஓரமாக, உடைமரத்தை உரசுகிற மாதிரி ஒதுக்கி நிறுத்தினார். இறங்கிப் போனார். மெழுகுதிரியை எடுத்தார். ஒரு குச்சி கிழித்தார், அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. காற்றே இல்லை, உடைமரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

பின்னாலே, "அத்தான், பிரேக்கு பிடிக்கலை!" என்று தம்பியின் அலறல். தண்ணி வண்டி சத்தமே இல்லாமல் இறக்கத்தில் உருண்டு வருகிறது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து காலைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே வருகிறார், அவர் செருப்பு ஒரு பக்கம் போகிறது. மேலே டீச்சர் குடையை விடாமல் பிடித்துக்கொண்டு "ஏ மாதாவே!" என்கிறாள். வண்டி பஸ்ஸைத் தாண்டியது. கெபியைத் தாண்டியது. ஊருக்குள் நுழைந்து, கயிறு நுனிவரை ஓடி, விண்ணென்று இழுபட்டு நின்றது. குடை மட்டும் நிற்காமல் மேல்நோக்கி விரிந்துகொண்டது.

கண்டக்டர்தான் முதலில் சுதாரித்தான். "அண்ணாச்சி! தாண்டிட்டு! நீங்க இன்னும் திரி ஏத்தலை!"

அண்ணாச்சி மூன்றாவது குச்சியைக் கிழித்தார். உடனே பிடித்துக்கொண்டது. நிதானமாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். தம்பி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து சொல்கிறார்: "இது செல்லாது அண்ணாச்சி. இஞ்சினே ஓடலை. இழுத்துக்கிட்டு வந்த வண்டி முந்துனா அது எனக்குத்தான் கேவலம். ஒரு வாரம் தாங்க, வேற வால்வு போட்டு..."

கூறுகெட்ட மனிதர்! விலாவில் விட்டேன் ஒரு இடி. "வாயை மூடுங்க" என்றேன்.

"மாதா மேல சொன்ன வாக்கு" என்றார் அண்ணாச்சி. "அதுல இஞ்சின் ஓடணும்னு நான் சொல்லலை." பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தம்பியின் தலையைத் தட்டினார். "கண்ணைத் திற மாப்ளே. ஐஸ் உருகுது, போய் இறக்கு."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெண் ஊர்வலத்துக்கு ஐஸ் வண்டியை ஜோடித்துத் தருகிறேன் என்று இவர் கேட்டதற்கு, நான் மட்டுமில்லை, சாமியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில்தான் வந்தார்கள். பந்தியில் கூட்டம் குறைந்த நேரம், அண்ணாச்சி ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எதுக்கு பஸ்ஸை ஓரங்கட்டுனிய?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையிலேர்ந்து நான் அவளை வெயில்ல விட்டதில்லை தங்கச்சி. என் பஸ்ஸுலகூட நிழலான பக்கம் பாத்துத்தான் உக்கார வைப்பேன். நீயே பாத்திருப்பே. அன்னைக்குக் கண்ணாடியில பாக்கேன், குடை அவன் ஐஸுக்கு நிக்கி. எம் பிள்ளை வெயில்ல உக்காந்து வாரா. அதுக்குப் பொறவு நான் நடு ரோட்டுல நின்னு என்ன செய்ய?"

நான் பந்திப் பக்கம் போனேன். பாயசம் இருந்தது, ஒரு டம்ளர் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன்.